டிசம்பரில் மூன்று பிறந்தநாள், கையில் ஒரே ஒரு மாலை

எங்கள் தெருமுனைப் படிப்பகத்தில் வருஷத்துக்கு ஒரு விழாதான். அதற்கு மேல் காசும் கிடையாது, ஓடியாட ஆளும் கிடையாது. இந்த முறை 8,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. மாதம் டிசம்பர் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. யாருடைய பிறந்தநாளை ஒட்டி நடத்துவது என்ற பேச்சுதான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டது.

டிசம்பர் நமக்கு அப்படித் தாராளமான மாதம். 10ஆம் தேதி ராஜாஜி. 1878இல் ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். மறுநாளே பாரதி, 1882, எட்டயபுரம். 22ஆம் தேதி ராமானுஜன். 1887, ஈரோட்டில் அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில். பத்து வருஷத்துக்குள், காலண்டரில் இரண்டு வாரத்துக்குள், மூன்று பேர். படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் “டிசம்பரில் பிறந்த பெரியவர் ஒருத்தர் பேரைச் சொல்லுங்க” என்று கேட்டபோது முதலில் வந்த பதில் ரஜினிகாந்த். 12ஆம் தேதி, தப்பில்லை. ஆனால் அவருக்கு எங்கள் 8,000 ரூபாய் தேவைப்படாது.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் சார் என்றே கூப்பிடுவோம். அவர் எடுத்த எடுப்பில் ஒரு குண்டைப் போட்டார். “தமிழ் மாதக் கணக்கில் பார்த்தால் இவங்க மூணு பேரும் ஒரே மாசம் இல்லை தம்பி. ராஜாஜியும் பாரதியும் கார்த்திகை. ராமானுஜன் மார்கழி.” உண்மைதான். இந்த வம்பு நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. நியூட்டன் 1642 டிசம்பர் 25இல் பிறந்தார் என்கிறோம். அப்போது இங்கிலாந்தில் இருந்தது பழைய காலண்டர். இன்றைய கணக்குக்கு மாற்றினால் அது 1643 ஜனவரி 4. ஆக, ஒரே மாதத்தில் பிறந்தார்கள் என்பது எந்தக் காலண்டரை ஆணியில் மாட்டியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எங்கள் சுவரில் தொங்குவதில் இரண்டு மாதமும் இருக்கிறது. டிசம்பர் என்றே வைத்துக்கொண்டோம்.

“மூணு பேருக்கும் சேர்த்தே வைத்துவிடலாமே” என்று ஒரு குரல் எழுந்தது. நான் முதலிலேயே ஒதுக்கிய யோசனை அதுதான். மூன்று படம், மூன்று மாலை, மூன்று பேச்சாளர், ஆளுக்கு இருபது நிமிஷம் என்று சொல்லி நாற்பது நிமிஷம். பிள்ளைகள் நெளிந்து நெளிந்து தரைவிரிப்பின் நூலைப் பிரிப்பார்கள். அனுபவித்தாகிவிட்டது.

எனக்கு ஒரே அளவுகோல்தான். விழா முடிந்து வீட்டுக்குப் போகும் பிள்ளையிடம் அம்மா “என்னடா செஞ்சீங்க?” என்று கேட்பார். “பேசினாங்க, சுண்டல் கொடுத்தாங்க” என்று பதில் வந்தால் அந்தப் பணத்துக்குச் சுண்டலே கூடுதலாகப் போட்டிருக்கலாம். பிள்ளை தன் கையால் செய்தது என்று சொல்லிக்கொள்ள ஒன்றாவது இருக்க வேண்டும். இதை வைத்துத்தான் மூவரையும் எடைபோட்டேன்.

முதலில் பாரதி. செலவு குறைவு, வசதி அதிகம். பாட்டுகள் பிள்ளைகளின் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. உரிமைத் தொல்லை எதுவும் இல்லை. 1949இலேயே அரசு வாங்கி, அப்புறம் எல்லாருக்கும் பொது என்று விட்டுவிட்டது. பேச்சாளருக்குப் பஞ்சமே கிடையாது. எங்கள் தெருவிலேயே மூன்று பேர் தயாராக இருக்கிறார்கள், அதில் ஒருவர் கேட்காமலே பேசுவார்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. போன வருஷம் எங்கள் விழா பாரதிக்குத்தான். மாறுவேடப் போட்டிக்கு 14 பிள்ளைகள் வந்தார்கள். 14 முண்டாசு, கண்மையால் வரைந்த 14 மீசை. அதில் ஒன்பது பேருக்கு ஒரே பாட்டு. ஏழாவது பிள்ளை “அச்சமில்லை” என்று ஆரம்பித்தபோது முன்வரிசையில் இருந்த பாட்டி மீதியைத் தானே முடித்துக் கொடுத்தார். ஒரு வாண்டுக்கு வியர்வையில் மீசை கரைந்து கன்னம் முழுக்க வழிந்து, அது மேடையிலேயே ஓவென்று அழுதுவிட்டது. அந்தப் பிள்ளை பாரதியைப் பற்றித் தெரிந்துகொண்டு போனது என்னவாக இருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

அதுவும் போக, பாரதிக்கு நாள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 2022 முதல் டிசம்பர் 11ஐ மத்திய அரசு இந்திய மொழிகள் நாளாகக் கொண்டாடுகிறது. நினைவு நாளான செப்டம்பர் 11ஐ 2021இல் தமிழ்நாடு அரசு மகாகவி நாள் என்று அறிவித்தது. பள்ளிக்கூடங்களில் வருஷத்துக்கு இரண்டு தடவை முண்டாசு கட்டியாகிறது. நாமும் போய் மூன்றாவது முண்டாசு கட்ட வேண்டுமா?

பாரதிதான் வேண்டும் என்று முடிவெடுக்கிறவர்களுக்கு என்னுடைய யோசனை இது: கவிஞரை விட்டுவிட்டுப் பத்திரிகைக்காரரைப் பிடியுங்கள். 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, அதே வருஷம் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் உதவி ஆசிரியரானார். 1906 முதல் ‘இந்தியா’ வாரப் பத்திரிகையை நடத்தினார். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வழி போட்டவர் அவர். போலீஸ் கெடுபிடி வந்ததும் 1908இல் புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்தும் அதை நடத்தினார். பிள்ளைகளை நாலு நாலு பேராக உட்காரவைத்து, குழுவுக்கு ஒரு சார்ட் தாளைக் கொடுத்து, தெருவைப் பற்றி ஒரு பக்கப் பத்திரிகை போடச் சொல்லுங்கள். சாக்கடைச் செய்தி, தெருவிளக்குச் செய்தி, ஒரு கேலிப்படம், ஒரு தலையங்கம். மீசையை விட இது அவருக்குப் பொருத்தமான மரியாதை. இரண்டு மணி நேரம் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: கேலிப்படத்தில் கவுன்சிலர் வந்துவிடுவார். அதற்குத் தயாராக இருங்கள்.

ராஜாஜிக்காகச் சார்தான் வாதாடினார். “அவருக்கு யாரும் விழா எடுப்பதில்லை, அதனாலேயே எடுக்கணும்.” மறுத்துப் பேச அவ்வளவு சுலபமாக வாய் வராத வாதம். ஆனால் இன்னொரு உறுப்பினருக்கு வந்தது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது யார், எதிர்த்துச் சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிரிழந்தது யாருடைய ஆட்சியில், 1953இல் கிராமத்துத் தொடக்கப்பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து மீதி நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றது யார் என்று அடுக்கினார். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் ஒட்டி, எதிர்ப்பு வலுத்து, மறுவருஷமே முதல்வர் நாற்காலியை விட்டு இறங்கியவர் அவர். சார் விடவில்லை. 1937இல் சேலத்தில் மதுவிலக்கு, 1939இல் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு, 1952இல் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தது, 1971இல் மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாம் என்று கேட்க 92 வயதில் கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்குப் போனது என்று அவரும் அடுக்கினார். டீ ஆறிப்போனது.

நான் கவனித்தது வேறு. இரண்டு பேரும் சொன்னது அத்தனையும் நடந்தவை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாமல் ராஜாஜியைப் பற்றிப் பேசவே முடியாது. பெரியவர்கள் நாற்பது பேர் நாற்காலி போட்டு உட்காரும் கூட்டமாக இருந்தால் என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு அவருக்குத்தான். மூவரில் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட உருப்படியான விஷயம் இருப்பது அவரிடம் மட்டுமே. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தச் சண்டை எதற்கு?

பிள்ளைகளுக்கு அவரிடம் ஒன்றுமே இல்லை என்றும் ஆகாது. 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தாரே, அதை நாடகமாகப் போடலாம். ஏப்ரல் 13ஆம் தேதி சுமார் நூறு பேரோடு கிளம்பி, 240 கிலோமீட்டர் தூரத்தைக் கால்நடையாகவே கடந்தார்கள். அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன் என்ற வெள்ளைக்காரர், இவர்களுக்குச் சோறு தண்ணி கொடுத்தால், தங்க இடம் கொடுத்தால் தண்டனை என்று தண்டோரா போடாத குறையாக அறிவித்தார். ஊர்க்காரர்கள் நேரில் கொடுக்கவில்லை. வழியில் உள்ள மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மரம் கொடுத்ததற்கு யாரைப் பிடிப்பது? எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். மேடையில் ஒரு வேப்பங்கொப்பு, அதில் நாலு பொட்டலம், கீழே மீசையைத் தடவும் ஒரு போலீஸ்காரப் பையன். கைதட்டல் நிச்சயம். ஆனால் நாடகத்துக்கு மூன்று வார ஒத்திகை வேண்டும், அந்த மூன்று வாரமும் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வுக் காலம்.

ராஜாஜியும் பாரதியும் ஒரே கூரைக்குக் கீழ் வந்த ஒரு நாள் உண்டு. 1919இல் காந்தி சென்னையில் ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தபோது, பாரதி யாரையும் கேட்காமல் நேரே உள்ளே போய், கூட்டத்துக்குத் தலைமை தாங்க வர முடியுமா என்று காந்தியிடம் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். வந்தது யார் என்று காந்தி விசாரிக்க, எங்கள் தமிழ்நாட்டுக் கவி என்று ராஜாஜி சொன்னதாக எழுத்தாளர் வ.ரா. எழுதிவைத்திருக்கிறார். பிற்பாடு கல்கியின் முயற்சியில் எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுந்தபோது 1947இல் அதைத் திறந்துவைத்தவரும் ராஜாஜிதான். ராமானுஜனுக்கு இந்த இருவர் கதையிலும் இடம் இல்லை. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் அவர் திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். பாரதிக்கும் அதே திருவல்லிக்கேணிதான். ஆனால் ராமானுஜன் அங்கே இருந்தபோது பாரதி புதுச்சேரியில். பாரதி கடைசியாகச் சென்னைக்குத் திரும்பியபோது ராமானுஜன் உயிரோடு இல்லை.

ராமானுஜன் பெயரை நான் சொன்னதும் குழுவில் ஒரு மௌனம். கணக்கா? பிள்ளைகள் ஓடிவிடுவார்களே! அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ராமானுஜன் விழா என்றால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பேச்சாளர் நாமகிரித் தாயாரில் ஆரம்பிப்பார், கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போனதைச் சொல்வார், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை, 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம், 1914இல் கப்பல், குளிரில் சைவச் சாப்பாட்டுக்குப் பட்ட அவதி, 1918இல் ராயல் சொசைட்டி, 1729 என்ற டாக்ஸி நம்பர், 1920இல் 32 வயதில் மரணம். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரத்தில் ஒரு கணக்குகூட வந்திருக்காது. போதாக்குறைக்குப் பரீட்சையில் கோட்டை விட்ட பையன் “ராமானுஜனே ஃபெயில்தான்” என்ற ஒற்றை வரியை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போவான். ராமானுஜன் மற்ற பாடங்களைத் தொடாமல் கணக்கிலேயே மூழ்கிக் கிடந்ததால் தோற்றார் என்ற பாதி அவன் காதில் விழாது.

அதனால் பேச்சே வேண்டாம் என்றேன். பேச்சுக்குப் பதில் என்ன என்று கேட்டபோது சமையலறைக்குப் போய் ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்து வந்தேன்.

நாலு கொட்டையைத் தரையில் வைத்தேன். இதை எத்தனை விதமாகக் கூறு போடலாம்? நாலும் ஒரே கூறாக இருக்கலாம். மூன்றும் ஒன்றுமாக. இரண்டும் இரண்டுமாக. இரண்டு, ஒன்று, ஒன்று. எல்லாம் தனித்தனியாக. ஐந்து விதம். அடுத்து ஐந்து கொட்டை: ஏழு விதம் வரும். ஆறுக்கு 11, ஏழுக்கு 15, எட்டுக்கு 22. இதுவரை மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் விளையாடலாம். பத்துக்குப் போனால் 42. நூறு கொட்டைக்கு 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292. இந்த எண்ணிக்கையைக் கூறு போட்டுப் பார்க்காமலே கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் உண்டா என்பதுதான் ராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து போட்ட கணக்கு; 1918இல் வெளியிட்டார்கள். சூத்திரம் பிள்ளைகளுக்கு எட்டாது, எனக்கும் எட்டாது. ஆனால் கேள்வி முழுசாகப் புரிகிறது, அதுவும் கையால் தொட்டு.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. மக்மஹோன் என்பவர் 200 வரைக்கும் இந்த எண்ணிக்கைகளைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டிருந்தார். அதைப் பார்த்த ராமானுஜன் கண்ணில் ஒன்று பட்டது. 4, 9, 14, 19 என்று நாலிலோ ஒன்பதிலோ முடியும் எண்களை மட்டும் எடுங்கள். கூறுகளின் எண்ணிக்கை 5, 30, 135, 490. எல்லாம் ஐந்தால் மீதியில்லாமல் வகுபடும். எங்கே வரை போனாலும் வகுபடும் என்று அவர் நிரூபித்து 1919இல் கட்டுரை வெளியிட்டார். ஐந்தாம் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை இதைச் சரிபார்க்கலாம். நாலுக்கு ஐந்து வருவதை நாங்கள் பார்த்தாகிவிட்டது. ஒன்பதுக்கு 30 வருகிறதா என்று பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும். நூறு வருஷத்துக்கு முந்தைய ஆராய்ச்சிக் கட்டுரையை நம் தெருப் பிள்ளை தரையில் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கிறது என்றால் வேறு என்ன விழா வேண்டும்?

குழுவில் இருந்த மூன்று பேர் அதற்குள் கொட்டையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், இதே முடிவை எடுக்க வேண்டியவர்களுக்கு உதவும். பாரதி விழாவுக்குப் போன வருஷம் மைக் செட், நாற்காலி, பேச்சாளருக்குப் பொன்னாடை, பரிசுக் கோப்பை என்றே முக்கால்வாசிப் பணம் போனது. பத்திரிகை போடும் யோசனைக்குச் சார்ட், ஸ்கெட்ச் பேனா என்று 2,000 ரூபாய் ஆகும். ராஜாஜி நாடகத்துக்கு உடை வாடகையே ஐந்தாயிரத்தைத் தொடும். ராமானுஜனுக்குப் புளியங்கொட்டை இலவசம், மைக் தேவையில்லை. மிச்சமாகும் பணத்தில் படிப்பகத்துக்குப் புத்தகம் வாங்கலாம்.

நாள் விஷயத்திலும் அவர் பக்கம்தான் காற்று. டிசம்பர் 10, 11 தேதிகள் பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வில் மாட்டிக்கொள்ளும். 22க்குத் தேர்வு கடைசிக் கட்டத்தில் இருக்கும் அல்லது முடிந்திருக்கும். 2012 முதல் அது தேசிய கணித நாளும்கூட. பிறந்தநாளன்றே நடத்தியாக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. லீவு விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை போதும். அன்றைக்கு யாருக்கும் டியூஷன் இருக்காது.

ஆக, எங்களுக்கு ராமானுஜன். உங்கள் இடத்தில் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே அதிகம் என்றால் பாரதியின் பாப்பா பாட்டை விட்டு அசைய வேண்டாம். கூறு போடுவது அந்த வயதில் கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்வதில் போய் முடியும். கல்லூரிப் பிள்ளைகள், பெரியவர்கள் என்றால் ராஜாஜி, ஆனால் நடுவில் உட்கார நிதானமான ஆள் ஒருவர் வேண்டும். எங்களிடம் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை 30 பேர் இருக்கிறார்கள்.

காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் ராமானுஜன் சிலேட்டில் போட்டுப் போட்டு முழங்கையாலேயே அழிப்பார், விடையை மட்டும் நோட்டில் ஏற்றிக்கொள்வார் என்பது தெரிந்த கதை. கூறுகளை எழுத எங்கள் பிள்ளைகளுக்கும் சிலேட்டு கொடுத்துவிடலாம் என்று கடைவீதிக்குப் போனேன். 30 சிலேட்டு என்றதும் கடைக்காரர் “புதுசா பால்வாடி ஆரம்பிக்கிறீங்களா சார்?” என்றார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பரணிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

அன்று ராத்திரி பத்தரை மணிக்கு சாரிடமிருந்து போன். ராஜாஜிக்காகக் கடைசி வரை மல்லுக்கட்டியவர், சரி, மறுபடியும் ஆரம்பிக்கப்போகிறார் என்றுதான் எடுத்தேன்.

“தம்பி, ஒன்பது கொட்டைக்கு 30னுதானே சொன்னே? மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். 29தான் வருது.”

விட்டது எது என்று நான் சொல்லவில்லை.